தொகையீட்டுக்குள் சிக்கிய சார்பை மீட்பது எப்படி?

ஒரு சறுக்குமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். வளைவு எப்படிப் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பக்கவாட்டில் எந்த உயரத்திலிருந்தும் ஒரு சின்ன மணியை உள்ளே விடலாம். உராய்வே இல்லாமல் அது வழுக்கிக்கொண்டு அடிக்கு வரும். வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கலாம். அரை மீட்டரிலிருந்து விட்டால் இவ்வளவு, ஒரு மீட்டரிலிருந்து விட்டால் இவ்வளவு என்று ஓர் அட்டவணை போட்டுவிட்டோம். இந்த அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு வளைவை வரைய முடியுமா?

முடியும். இருபது வயதைத் தொட்டிருந்த நார்வே இளைஞர் நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல் 1823இல் இதைத்தான் செய்துகாட்டினார். கட்டுரையை நார்வேஜிய மொழியில், உள்ளூர் அறிவியல் இதழ் ஒன்றில் எழுதினார். 1829இல், 26 வயதிலேயே காசநோயால் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற அந்தச் சின்னக் கணக்குதான் தொகையீட்டுச் சமன்பாடு என்ற பெரிய துறையின் முதல் வாசல்களில் ஒன்று. இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நான் படித்த காலத்தில் காமா சார்பு, பீட்டா சார்பு, பெஸ்ஸல் சார்பு போன்ற ‘சிறப்புச் சார்புகள்’ எல்லாம் ஒரு பட்டியலாகத்தான் வந்தன. வரையறை, பண்புகள், தேர்வுக்கு நான்கு நிறுவல்கள், அவ்வளவுதான். இவற்றை யார், எந்தத் தேவைக்காகத் தேடிப்போனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து ஏபெலின் கணக்கைப் பார்த்தபோதுதான் அந்தப் பட்டியலுக்கு உயிர் வந்தது. அந்த வழியிலேயே உங்களையும் கூட்டிப்போகிறேன்.

சரி, முதலில் சமன்பாடு என்ன என்று பார்ப்போம். பள்ளியில் பார்த்த சமன்பாடுகளில் தெரியாதது ஓர் எண். வகைக்கெழுச் சமன்பாட்டில் தெரியாதது ஒரு சார்பு. அதன் சாய்வைப் பற்றிய தகவல் நம்மிடம் இருக்கும். தொகையீட்டுச் சமன்பாட்டிலும் தெரியாதது ஒரு சார்புதான். ஆனால் அது தொகையீட்டுக் குறிக்குள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். கூட்டி முடித்த விடைதான் நம் கையில் இருக்கும். கூட்டப்பட்டது எது என்பதுதான் கேள்வி.

சறுக்குமரத்தில் இது எப்படி வருகிறது? மணி ஓர் உயரத்திலிருந்து கிளம்பி, வழியில் ஒரு புள்ளியைக் கடக்கிறது. அங்கே அதன் வேகம், அதுவரை எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் பொறுத்தது: வேகம் = √(2 × ஈர்ப்பு முடுக்கம் × இறங்கிய உயரம்). வளைவின் வடிவத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. வடிவம் வேறோர் இடத்தில் நுழைகிறது. ஒரு மில்லிமீட்டர் உயரம் குறைய, வளைவின்மேல் எத்தனை மில்லிமீட்டர் ஓட வேண்டும்? செங்குத்தாக இருந்தால் ஒன்று. படுத்திருந்தால் பத்து, இருபது. இதை ‘நீள வீதம்’ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உயரத்துக்கும் ஒரு நீள வீதம் இருக்கும். நாம் தேடும் சார்பு இதுதான். இது கிடைத்தால் வளைவு கிடைத்த மாதிரி.

ஒரு துண்டைக் கடக்கும் நேரம் என்பது நீள வீதத்தை வேகத்தால் வகுத்தது. எல்லாத் துண்டுகளையும் அடியிலிருந்து விடும் உயரம்வரை கூட்டினால் மொத்த நேரம். வேகத்தில் ஒரு வர்க்கமூலம் இருப்பதால் (அதிலுள்ள 2 × ஈர்ப்பு முடுக்கம் என்ற மாறிலியை ஓரமாக வைத்துவிடுவோம்), தொகையீட்டுக்குள்ளே தெரியாத நீள வீதம், 1 ÷ √(விடும் உயரம் − இடை உயரம்) என்ற காரணியோடு பெருக்கப்பட்டு நிற்கிறது. இந்தக் காரணிக்கு உட்கரு என்று பெயர். தெரியாத சார்பை எந்த எடை போட்டுக் கூட்டுகிறோம் என்பதைச் சொல்வது இந்த உட்கருதான். தொகையீட்டுச் சமன்பாட்டின் குணம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இதைத் தலைகீழாகத் தீர்க்கும் முன், நேராகவே கொஞ்சம் விளையாடிப் பார்ப்போம். நீள வீதம் எல்லா உயரத்திலும் 1 என்று போட்டுத் தொகையிடுங்கள். விடை 2 × √(விடும் உயரம்). அடுத்து, நீள வீதம் உயரத்துக்குச் சமம் என்று போடுங்கள். விடை 4/3 × விடும் உயரத்தின் ஒன்றரை அடுக்கு. உயரத்தின் வர்க்கத்தைப் போட்டால் 16/15 × இரண்டரை அடுக்கு. என்ன நடக்கிறது என்று கவனித்தீர்களா? ஓர் அடுக்கை உள்ளே அனுப்பினால் ஓர் அடுக்குதான் வெளியே வருகிறது. அடுக்கு எண்ணில் அரை கூடுகிறது, முன்னால் ஒரு பெருக்கி ஒட்டிக்கொள்கிறது. வேறு எதுவும் மாறுவதில்லை.

2, 4/3, 16/15... இந்தப் பெருக்கிகளைத் தருவதுதான் பீட்டா சார்பு. அதைக் காமா சார்பால் எழுதலாம். காமா என்பது காரணீயப் பெருக்கத்தை (1 × 2 × 3 × ... என்று ஓர் எண்வரை பெருக்குவதை) முழு எண்களுக்கு நடுவிலும் செல்லும்படி நீட்டியது. 1729இல் கணிதவியலாளர் ஆய்லர், இன்னொரு கணிதவியலாளரான கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இந்த நீட்டல் இருக்கிறது. முழு எண்களில் அது சாதாரணக் காரணீயப் பெருக்கம்தான். ஓர் எண் மட்டும் தள்ளி வரும். அரையில் அதன் மதிப்பு √பை (பை என்பது வட்டக் கணக்கில் வரும் π). ‘அரையின் காரணீயப் பெருக்கத்தால் என்ன பயன்?’ என்று நான் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. வர்க்கமூலம் உட்கருவில் வந்து உட்கார்ந்த உடனேயே அதன் பயன் தெரிந்துவிடுகிறது. அரை அரையாக அடுக்கை ஏற்றும் இயந்திரத்துக்குப் பெருக்கிகள் அரை எண்களில்தான் வேண்டும்.

இப்போது தலைகீழ்க் கேள்வி எளிதாகிவிட்டது. நேர அட்டவணையை அடுக்குகளின் கூட்டலாக எழுதுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் அரையைக் குறைத்து, அதற்குரிய பெருக்கியால் வகுத்துவிடுங்கள். முடிந்தது. தொகையீட்டுச் சமன்பாடு வெறும் வகுத்தல் கணக்காகிவிட்டது. இந்தக் கட்டுரையில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இது ஒன்றுதான். உட்கரு எந்தக் குடும்பத்துச் சார்புகளை, குடும்பம் மாறாமல் திருப்பி அனுப்புகிறதோ, அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தால் மிச்சம் வகுத்தல்.

ஓர் அழகான உதாரணம். எந்த உயரத்திலிருந்து விட்டாலும் ஒரே நேரத்தில் அடிக்கு வரும் வளைவு ஏதாவது உண்டா? நேரம் மாறிலியாக இருக்க வேண்டும். அதாவது வெளியே வரும் அடுக்கு பூச்சியம். அப்படியானால் உள்ளே போனது கழித்தல் அரை அடுக்கு, அதாவது 1 ÷ √உயரம். அதற்குரிய பெருக்கி சரியாக பை. இந்த நீள வீதத்தைத் தொகையிட்டால், அடியிலிருந்து அளக்கும் வளைவு நீளம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதமாக வருகிறது. இது சைக்ளாய்டின் அடையாளம். தரையில் உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வரையும் கோட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கிடைக்கும் கிண்ண வடிவம் அது. நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659இலேயே, ஊசல் கடிகாரத்தின் துல்லியத்துக்காக அலைந்தபோது, வடிவியல் வழியாக இதைக் கண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்ட நீண்ட வடிவியல் நிறுவல், ஏபெலின் வழியில் நான்கு வரியாகிவிடுகிறது.

நேரமும் கிடைக்கிறது: நேரம் = பை × √(சக்கரத்தின் ஆரம் ÷ ஈர்ப்பு முடுக்கம்). ஆரம் ஒரு மீட்டர் என்றால், ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று வைத்து, கிட்டத்தட்ட சரியாக ஒரு நொடி. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டாலும் ஒரு நொடி, இரண்டு விரற்கடை உயரத்திலிருந்து விட்டாலும் அதே ஒரு நொடி.

அட்டவணை அடுக்குகளாக எழுத முடியாதபடி கோணல்மாணலாக இருந்தால்? அதற்கும் ஏபெல் வழி வைத்திருக்கிறார், அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த உட்கரு அடுக்கை அரை ஏற்றுகிறது அல்லவா? இரண்டு தடவை செய்தால் ஒன்று ஏறும். அடுக்கை ஒன்று ஏற்றுவது சாதாரணத் தொகையிடல். பெருக்கிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஏபெல் தொகையீட்டை இரண்டு முறை செய்வது, சாதாரணமாக ஒரு முறை தொகையிட்டுப் பையால் பெருக்குவதற்குச் சமம். ஆக, கையிலிருக்கும் அட்டவணையை மறுபடியும் அதே இயந்திரத்துக்குள் விடுங்கள், ஒரு முறை வகையிடுங்கள், பையால் வகுங்கள். சிக்கியிருந்த சார்பு வெளியே வந்துவிடும். பூட்டிய சாவியையே இன்னொரு முறை அதே பக்கம் திருப்பினால் பூட்டு திறப்பது போல இருக்கிறது, இல்லையா? ‘பாதித் தொகையிடல்’, ‘பாதி வகையிடல்’ என்று இன்று பேசுவதெல்லாம் இங்கிருந்து வளர்ந்தவை.

சறுக்குமரம் ஒரு விளையாட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். உருண்டையான நட்சத்திரக் கொத்தை நாம் வானில் தட்டையாகத்தான் பார்க்கிறோம். பார்வைக் கோட்டில் இருக்கும் எல்லா நட்சத்திரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடித் தெரிகின்றன. மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் எவ்வளவு அடர்த்தி என்று கேட்டால், அதே வர்க்கமூல உட்கருதான் வந்து நிற்கும். மெழுகுவர்த்திச் சுடரின் ஒளியைப் பக்கவாட்டில் அளந்து உள்ளே ஒளியின் பரவலைக் கண்டுபிடிப்பதும் இதே கணக்கு. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது பூமி. நிலநடுக்க அலை பூமிக்குள் வளைந்து போய், தூரத்தில் இன்னோர் இடத்தில் மேலே வருகிறது. தூரமும் வந்து சேரும் நேரமும்தான் நம்மிடம் இருக்கும் அட்டவணை. எந்த ஆழத்தில் அலையின் வேகம் என்ன என்பதுதான் கேள்வி. 1907ஐ ஒட்டி குஸ்டாவ் ஹெர்க்ளோட்ஸும் எமில் வீஹெர்ட்டும் இதை ஏபெல் சமன்பாடாக மாற்றித் தீர்த்தார்கள். வீஹெர்ட்டின் மாணவர் பேனோ குட்டன்பர்க் சில ஆண்டுகளிலேயே பூமியின் உள்ளகம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று கண்டார். யாரும் போய்ப் பார்க்க முடியாத இடம் அது. ஒரு நிபந்தனை உண்டு: ஆழம் கூடக் கூட வேகமும் கூட வேண்டும். நடுவே வேகம் குறையும் அடுக்கு இருந்தால் எந்த அலையும் அந்த அடுக்குக்குள் திரும்பி மேலே வருவதில்லை. அந்த ஆழத்தின் தகவல் அட்டவணைக்கே வந்து சேராது. அப்புறம் எந்தச் சூத்திரமும் அதை மீட்டுத் தராது.

இதுவரை பார்த்ததில் தெரியாத சார்பு உள்ளே மட்டும் இருந்தது. உள்ளேயும் இருந்து, வெளியேயும் இருந்தால்? ஆழம் முழுக்க ஒரே சூட்டில் இருக்கும் ஒரு பெரிய பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு காற்றில் ஆறுகிறது. இந்த நொடியில் மேற்பரப்பின் வெப்பநிலை என்பது, தொடக்க வெப்பநிலையிலிருந்து, இதுவரை இழந்த வெப்பத்தின் விளைவைக் கழித்தது. எவ்வளவு இழந்தது என்பதோ, கடந்த ஒவ்வொரு நொடியிலும் மேற்பரப்பின் வெப்பநிலை என்ன என்பதைப் பொறுத்தது. பழைய இழப்புகளுக்கு எடை போடுவது மறுபடியும் 1 ÷ √(கடந்த நேரம்). அதே ஏபெல் உட்கரு!

இதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. முதலில் ‘வெப்பநிலை மாறவே இல்லை’ என்று தப்பாகவே ஊகித்து உள்ளே போடுங்கள். கிடைப்பதைத் திருத்தமாக எடுத்து மறுபடி போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அடுக்கு அரை ஏறும், காமா பெருக்கி ஒன்று சேரும். முடிவில்லாமல் போகும் இந்தக் கூட்டலுக்கு மிட்டாக்-லெஃப்லர் சார்பு என்று பெயர். அடுக்குக்குறிச் சார்பின் தொடரில் முழு எண்களின் காரணீயப் பெருக்கம் வகுப்பதைப் போல, இங்கே அரை எண்களின் காமா வகுக்கிறது. இதிலிருந்து பாறை எப்படி ஆறும் என்று படிக்கலாம். சிறிய தேநீர்க் கோப்பை ஆறும்போது சூடு அடுக்குக்குறிச் சார்பாக விறுவிறுவென்று இறங்கும். பாறையின் மேற்பரப்போ, நீண்ட நேரத்துக்குப் பிறகு, 1 ÷ √நேரம் என்ற கணக்கில்தான் ஆறும். நான்கு மடங்கு நேரம் காத்திருந்தால் சூடு பாதியாகும், அவ்வளவுதான். ஆழத்திலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதை அந்த வர்க்கமூலம் சொல்கிறது.

இங்கே ஒரு சொல் வேறுபாடு. கூட்டும் எல்லை மாறிக்கொண்டே போனால் (விடும் உயரம்வரை, இந்த நொடிவரை) அதை வோல்ட்டெரா வகை என்பார்கள். எல்லை நிலையாக இருந்தால் ஃபிரெட்ஹோம் வகை. இத்தாலியின் விட்டோ வோல்ட்டெரா 1890களிலும், ஸ்வீடனின் ஈவார் ஃபிரெட்ஹோம் 1903ஐ ஒட்டியும் இவற்றுக்குப் பொதுக் கோட்பாடு தந்தார்கள். இனி ஃபிரெட்ஹோம் பக்கம் போவோம்.

நீண்ட, தட்டையான ஓர் உலோக நாடா. நீளம் மிக அதிகம். அகலத்தை −1 முதல் 1 வரை என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மின்னூட்டம் கொடுத்தால் அது அகலத்தில் எப்படிப் பரவும்? உலோகம் என்பதால் மின்னழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஓரிடத்து மின்னூட்டம் இன்னோர் இடத்தில் ஏற்படுத்தும் அழுத்தம், இரண்டுக்கும் இடையிலான தூரத்தின் மடக்கை. ஆக, தெரியாத மின்னூட்டப் பரவலை மடக்கை எடை போட்டு −1 முதல் 1 வரை கூட்டினால் ஒரு மாறிலி வர வேண்டும்.

அடுக்குகளை இந்த இயந்திரத்துக்குள் விட்டுப் பார்த்தால் ஒத்துவராது. வெளியே வருவது அடுக்காக இருக்காது. வேறு குடும்பம் வேண்டும். அகலத்தில் ஒரு புள்ளியை ஒரு கோணத்தின் கோசைனாக எழுதிப் பாருங்கள். ஓர் அரைவட்டத்தின் மேலிருக்கும் புள்ளிகளை நேர் கீழே விட்டத்தின்மேல் இறக்குவதுதான் அது. உடனே மடக்கை உட்கரு, கோசைன்களின் பெருக்கல்களாகப் பிரிந்துவிடுகிறது. கோணத்தின் மடங்குகளின் கோசைனைப் பழைய இடத்தின் மொழியில் திருப்பி எழுதினால் வருபவை செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைகள், ரஷ்யாவின் பாஃப்னூட்டி செபிஷேவின் பெயரால். ஒரு செபிஷேவ் பல்லுறுப்புக்கோவையை √(1 − இடத்தின் வர்க்கம்) என்பதால் வகுத்து உள்ளே அனுப்பினால், அதே பல்லுறுப்புக்கோவை வெளியே வருகிறது. பெருக்கி −பை ÷ வரிசை எண். பூச்சிய வரிசைக்கு மட்டும் −பை × 0.693; அந்த 0.693 என்பது இரண்டின் இயல் மடக்கை.

நமக்கு வெளியே மாறிலி வேண்டும். மாறிலி என்பது பூச்சிய வரிசைச் செபிஷேவ். எனவே மின்னூட்டப் பரவல் 1 ÷ √(1 − இடத்தின் வர்க்கம்) என்பதற்கு விகிதம். நடுவில் குறைவு, விளிம்பை நெருங்க நெருங்க எகிறிப்போகிறது. கூட்டிப் பார்த்தால், நாடாவின் நடுப் பாதி அகலத்தில் மொத்த மின்னூட்டத்தின் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு இருபக்க ஓரங்களிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. கூர்முனைகளில் மின்சாரம் கூடும் என்று பள்ளியில் சொன்னார்களே, அதன் எண் உருவம் இது. இதே வர்க்கமூல எடை விமான இறக்கையின் முன்விளிம்பிலும், உலோகத்தில் விட்ட விரிசலின் முனையிலும் வரும். இயற்பியல் வேறு வேறு; உட்கரு ஒரே குடும்பம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பெருக்கிகளைப் பாருங்கள்: பை, பையில் பாதி, பையில் மூன்றில் ஒரு பங்கு என்று சிறுத்துக்கொண்டே போகின்றன. நாம் செய்வது வகுத்தல். சிறிய எண்ணால் வகுத்தால் பெரிதாகும். அளவீட்டில் இருக்கும் நுணுக்கமான நடுக்கங்கள் பெரிய வரிசை எண்ணுள்ள செபிஷேவ்களாகத்தான் வரும். நூறாவது வரிசையில் ஒரு துளி பிழை இருந்தால், முதல் வரிசையில் அதே துளி செய்வதைப்போல் நூறு மடங்கு விடையைக் கலைக்கும். ஏபெல் சமன்பாட்டில் இந்த நோய் கொஞ்சம் லேசு. அங்கே நூறாவது அடுக்கின் பெருக்கி சுமார் 0.18, வரிசை எண்ணின் வர்க்கமூல வேகத்தில்தான் சிறுக்கிறது. தொகையிடல் எல்லாவற்றையும் வழவழப்பாக்கும் வேலை. அதைத் திருப்பிச் செய்தால் சொரசொரப்பு பெருகத்தான் செய்யும். அதனால் நிஜமான அளவீடுகளோடு வேலை செய்பவர்கள் எந்த வரிசையோடு நிறுத்துவது என்று முடிவெடுப்பதில் மிகுந்த கவனம் செலுத்துகிறார்கள். சிறப்புச் சார்புகளின் உதவி இதிலும் உண்டு. எந்த வரிசை எவ்வளவு ஆபத்து என்பதைப் பெருக்கிகளே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன.

நாடாவுக்குப் பதில் ஒரு வட்டத் தகடு என்றால் கதை இன்னும் சுவையானது. இங்கே பொருந்தும் குடும்பம் பெஸ்ஸல் சார்பு. குளத்தில் கல் விழுந்தால் எழும் வட்ட அலையை நினைத்துக்கொள்ளுங்கள்: மையத்தில் உயரம், வெளியே போகப் போகத் தளர்ந்துகொண்டே ஏறி இறங்கும். பல அலைநீளங்கள் கொண்ட பெஸ்ஸல் அலைகளைக் கலந்து மின்னழுத்தத்தை எழுதுகிறோம். ஒவ்வோர் அலைநீளமும் எவ்வளவு என்பதுதான் தெரியாத சார்பு. நிபந்தனைகள் இரண்டு: தகட்டுக்குள்ளே அழுத்தம் மாறிலி, தகட்டுக்கு வெளியே மின்னூட்டம் பூச்சியம். ஒரே சார்பின்மேல் இரண்டு அரைகுறைச் சமன்பாடுகள். இவற்றை இரட்டைத் தொகையீட்டுச் சமன்பாடுகள் என்பார்கள். 1873இல் ஹைன்ரிக் வெபர் பெஸ்ஸல் சார்புகளின் ஒரு தொகையீட்டைக் கவனித்தார். பெஸ்ஸலைச் சைனோடு பெருக்கி எல்லா அலைநீளங்களுக்கும் கூட்டினால், ஆரத்துக்குள்ளே ஒரு விடையும் ஆரத்துக்கு வெளியே சரியாகப் பூச்சியமும் வருகிறது. நமக்கு வேண்டியதே அதுதான்! பின்னால் 1947இல் எட்வர்ட் காப்சன், இந்தத் தகட்டுக் கணக்கையே இரண்டு ஏபெல் சமன்பாடுகளாக உடைக்கலாம் என்று காட்டினார். சறுக்குமரம் மறுபடியும் வந்துவிட்டது.

விடை: தகட்டின் மின்தேக்குத்திறன் (ஒரே மின்னழுத்தத்தில் அது எவ்வளவு மின்னூட்டம் தாங்கும் என்ற அளவு), அதே ஆரமுள்ள கோளத்தின் மின்தேக்குத்திறனைப் பையில் பாதியால், அதாவது 1.5708ஆல் வகுத்தது. இப்போது ஆங்கிலேய அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷ் பக்கம் திரும்புங்கள். 1770களில், மின்னோட்டமானிகூட இல்லாத காலத்தில், அவர் தகட்டையும் கோளத்தையும் ஒப்பிட்டுச் சோதனை செய்தார். முடிவை வெளியிடாமலேயே 1810இல் இறந்துபோனார். 1849இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அந்தக் கைப்பிரதிகளைப் புரட்டியபோது அந்த எண்ணைக் கண்டு வியந்தார். கேவண்டிஷ் கண்டிருந்தது 1.57. பிறகு இயற்பியலாளர் மாக்ஸ்வெல் அந்தக் கைப்பிரதிகளைப் பதிப்பித்து 1879இல் வெளியிட்டார். வெறும் நெட்டிப் பந்துகளையும் கண்ணாடித் தாங்கிகளையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பையில் பாதியைத் தொட்டிருக்கிறார். எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இதுவரை, முன்பே தெரிந்த சிறப்புச் சார்பு ஒன்று வந்து சமன்பாட்டைத் தீர்த்தது. கடைசியாக, திசை திரும்பிய ஒரு கதை. சூரியனின் மேல் அடுக்குகளில் ஒளி நேராக வெளியே வருவதில்லை. அணுக்களில் மோதி, திசை மாறி, மறுபடி மோதி, தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. ஓரிடத்தின் ஒளி மற்ற எல்லா ஆழத்து ஒளியையும் பொறுத்தது. அதனால் இதுவும் தொகையீட்டுச் சமன்பாடு. உட்கருவாக வருவது அடுக்குக்குறித் தொகையீடு என்ற சார்பு. இதில் பழைய குடும்பம் எதுவும் முகம் மாறாமல் திரும்பி வரவில்லை.

1943இல் விக்டர் அம்பார்ட்சுமியன் என்ற ஆர்மீனிய வானியலாளர் ஓர் எளிய உண்மையைப் பிடித்தார். எல்லையற்ற தடிமனுள்ள வளிமண்டலத்தின் மேல் இன்னும் ஒரு மெல்லிய ஏடு சேர்த்தால், அது வெளியே காட்டும் முகம் மாறக் கூடாது. எல்லையற்றதோடு கொஞ்சம் சேர்த்தாலும் எல்லையற்றதுதானே. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அப்போது அமெரிக்காவில் இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்தக் கருத்தை எடுத்து, 1940களில் முழுக் கோட்பாடாக வளர்த்தார். சேர்த்த ஏடு செய்யும் மாற்றங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினால், ஆழம் என்ற மாறியே காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது திசையை மட்டும் பொறுத்த ஒரே ஒரு சார்பு. அந்தச் சார்புக்கு வேறு வரையறை கிடையாது. தன்னைத்தானே உள்ளே வைத்திருக்கும் ஒரு தொகையீட்டுச் சமன்பாடுதான் அதன் வரையறை. இன்று அதை சந்திரசேகரின் ஹெச் சார்பு என்கிறோம். அவரும் ஃபிரான்சஸ் பிரீனும் பாறைக் கணக்கில் பார்த்த அதே வகை மறுசுற்று உத்தியால் அதற்கு அட்டவணைகள் கணித்தார்கள். காமாவுக்கும் பெஸ்ஸலுக்கும் நூல்களில் அட்டவணை இருப்பது போலவே.

ஒளி எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறி, எதுவும் உறிஞ்சப்படாத நிலைக்கு, விளிம்பை ஒட்டிய திசையில் அந்தச் சார்பின் மதிப்பு 1, நேர் வெளித் திசையில் 2.9078. இரண்டையும் வகுத்தால் 0.344. அதாவது இந்த மாதிரியின்படி சூரிய வட்டின் ஓரம், மையத்தின் பிரகாசத்தில் 34 சதவீதம்தான். முன்பு வானியலாளர் எடிங்டனின் தோராயக் கணக்கு 40 சதவீதம் என்று சொல்லியிருந்தது. அடுத்த முறை சூரியனின் ஒளிப்படம் ஒன்றைப் பார்த்தால் வட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். நடுவைவிட மங்கி, கொஞ்சம் சிவந்து தெரியும்.